ஒரே கயிற்றில் இருவர்

மலை என்றால் மனித உள்ளத்துக்கு என்றும் ஓர் ஈர்ப்பு உண்டு. திருச்சிராப்பள்ளியில் வாழும் நமக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? கடைத்தெருக்களின் நடுவே 83 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் மலைக்கோட்டையைக் காணாமல் நமக்கு ஒரு நாளும் கழிவதில்லை. படியேறி உச்சியை அடைந்தால், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே தீவாகத் திகழும் திருவரங்கமும், 1987-இல் நிறைவுற்ற அதன் 236 அடி இராசகோபுரமும், அருகே லூர்து அன்னை ஆலயத்தின் கூர்ங்கோபுரமும் ஒருங்கே கண்ணுக்குப் புலனாகின்றன. நண்பனோடு மூச்சிரைக்க ஏறி நின்று இக்காட்சியைக் கண்டவன் அதனை எளிதில் மறவான்.

நம் மலை எரிமலை அன்று. நிலத்தின் ஆழத்திலே உருவாகி, மேலிருந்த மண்ணும் கல்லும் ஊழிக்கணக்கில் கரைந்து போனபின் வெளிப்பட்ட பழம்பாறை அது. இமயமலையினும் வயதில் மிக மூத்தது. ஆனால், உள்ளே நெருப்பையும் வெளியே பனியையும் ஒருங்கே தாங்கி நிற்கும் மலைகளும் இவ்வுலகில் உள. சப்பானின் பூசி 3,776 மீட்டர். ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோ 5,895 மீட்டர். உருசிய நாட்டின் எல்புரூசு 5,642 மீட்டர். ஏறத்தாழ 68 மலைக்கோட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் எல்புரூசு சிகரத்தை எட்டலாம்! அவ்வுயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் பாதியே. பத்து அடி வைத்தால் நின்று மூச்சு வாங்க வேண்டும்.

நெருப்பின்மேல் பனி

இம்மலைகளின் அமைதி ஏமாற்றும் அமைதி. அமெரிக்காவின் செயிண்ட் எலன்சு மலை 1980 மே 18 அன்று வெடித்தது. 57 பேர் மாண்டனர். 2,950 மீட்டர் உயர்ந்திருந்த சிகரம் ஒரே நாளில் ஏறக்குறைய 400 மீட்டர் குறைந்தது. 1985 நவம்பர் 13 இரவு, கொலம்பியா நாட்டின் நெவாடோ தெல் ரூயிசு மலையில் நிகழ்ந்ததோ சிறிய வெடிப்புத்தான். எனினும் உச்சியிலிருந்த பனி உருகிச் சேற்று வெள்ளமாய்ப் பாய்ந்து, ஆர்மெரோ என்னும் ஊரையே மூடியது. ஏறத்தாழ 23,000 உயிர்கள் பலியாயின. எரிமலையின் பனி வெறும் அழகன்று என்பதை உலகம் அன்று கண்ணீரோடு கற்றது.

வசந்தத்தின் இரு முகங்கள்

ஆயினும் வசந்தம் பிறந்தால் இம்மலைகளை நாடுவோர் பலர். காரணம் உண்டு. எரிமலைச் சாம்பலும் பொடிக்கற்களும் காலடியில் சரியும் இயல்பின. வசந்தத்திலோ ஆழ்ந்த பனி அவற்றைப் போர்த்தியிருக்கும். இரவுக் குளிரில் அப்பனி இறுகும். காலணியில் பூட்டிய இரும்பு முட்கள் அதில் நன்கு பற்றும்.

ஆனால் கதிரவன் மேலெழுந்ததும் கதை மாறுகிறது. இறுகிய பனி குழைகிறது. உறைபனி பிடித்து வைத்திருந்த கற்கள் கழன்று உருளுகின்றன. பிளவுகளை மூடிய பனிப்பாலங்கள் வலுவிழக்கின்றன. ஆகவே அறிந்தோர் நள்ளிரவு கடந்ததும் புறப்படுவர். திரும்பும் நேரத்தையும் முன்னரே குறித்துக் கொள்வர். அந்நேரம் வந்தால், சிகரம் எட்டிய தூரத்தில் இருப்பினும் திரும்பிவிடுவர். 1986 மே மாதம் அமெரிக்காவின் ஊட் எரிமலையில் ஏறிய பள்ளிக்குழு ஒன்று புயலில் சிக்கியது; மாணவரும் பெரியவருமாக ஒன்பது பேர் மாண்டனர். மலை நாளையும் இருக்கும். மனிதன் இருக்க வேண்டுமே!

கயிறு சொல்லும் பாடம்

பனிப்பரப்பில் இருவர் செல்லுங்கால் ஒரே கயிற்றில் தம்மைப் பிணைத்துக் கொள்வர். முன்னவன் பனிப்பிளவில் வீழ்ந்தால், பின்னவன் அக்கணமே தரையில் விழுந்து, பனிக்கோடரியை ஆழ ஊன்றித் தன் உடலையே நங்கூரம் ஆக்குவான். கயிறு தளர்ந்திருந்தால் வீழ்ச்சியின் வேகம் இருவரையும் இழுத்துச் செல்லும். வெடுக்கென இழுத்தாலோ முன்னவன் நிலை தடுமாறுவான். எனவே வலியவன் தன் விரைவைக் குறைத்து, மெலியவனின் நடைக்கு ஏற்ப நடக்கிறான். களைத்தவன் தன் களைப்பை மறைக்காமல் உரைக்கிறான். மறைத்தால் ஆபத்து இருவருக்கும் அன்றோ? இல்லறத்தில் இணைந்தவர்களுக்கும் இதைவிடத் தெளிந்த பாடம் ஒன்று உண்டா?

சிகரம் ஏறிய குரு

இத்தகைய நட்புக்கு நம் திருச்சபையிலேயே சான்று உண்டு. இத்தாலி நாட்டு மிலான் நகரில் நூலகப் பணியாற்றிய அக்கில்லே ராட்டி என்ற குருவானவர், தம் நண்பர் லூயிசி கிராசெல்லியுடனும் வழிகாட்டிகள் இருவருடனும் 1889 சூலை இறுதியில் மோந்தே ரோசா மலையின் கிழக்குச் சரிவில் ஏறினார். அது எரிமலை அன்று. ஆயினும் பனிச்சரிவுகளுக்குப் பேர்போன கொடிய பாதை. 4,634 மீட்டர் சிகரத்தை எட்டியபின், அதற்குச் சற்றுக் கீழே ஓர் ஒடுங்கிய பாறை விளிம்பில் நால்வரும் கடுங்குளிரில் இரவைக் கழித்தனர். உறங்கினால் உயிருக்கு உறுதியில்லை. ஒருவரை ஒருவர் விழிப்பாய் வைத்திருந்து விடியலைக் கண்டனர். அக்குருவே 1922-இல் பதினோராம் பத்திநாதர் என்னும் பெயரோடு பாப்பரசரானார். மலையேறுவோரின் பாதுகாவலராக 1923-இல் புனித பெர்நார்துவை அறிவித்தவரும் அவரே.

நம் நாட்டிலே

நம் நாட்டவரும் பின்தங்கவில்லை. சிறுவயதில் ஆஸ்துமாவால் வருந்திய வங்க இளைஞர் சத்யரூப் சித்தாந்தா, ஏழு கண்டங்களின் உயர்ந்த எரிமலைகளையும் ஏறி முடித்தார். 2019 சனவரியில் தென்துருவக் கண்டத்தின் சிட்லி மலையே அவரது ஏழாவது சிகரம். 2023 மே மாதம் எவரெஸ்ட் ஏறிய முத்தமிழ்ச்செல்வி, அச்சிகரம் தொட்ட முதல் தமிழ்நாட்டுப் பெண்மணி.

நம் மலைகளில் பனியில்லை. ஆபத்து இல்லை என்பதல்ல. மாசி, பங்குனியில் புற்கள் காய்ந்து நெருப்புக்குக் காத்திருக்கின்றன. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டக் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் மறந்துவிடலாகாது. மலையேற்றத்துக்கு அரசு விதிமுறைகள் வகுத்ததும் அதன் பின்னரே.

ஆகவே பெற்றோர்களே, மலையேற விரும்பும் பிள்ளைகளைத் தடுக்க வேண்டாம். வனத்துறையின் அனுமதி பெற்றாயிற்றா, வழி அறிந்தவர் உடன் வருகிறாரா, எந்நேரத்தில் திரும்புவீர்கள் என்று கேளுங்கள். இறுதியாக ஒன்றும் கேளுங்கள்: "உன்னோடு வருபவன், நீ களைத்தபோது உனக்காக நிற்பானா? அவன் களைத்தால் நீ சிகரத்தை விட்டுத் திரும்புவாயா?" இரண்டுக்கும் ஆம் என்றால், வாழ்த்தி அனுப்புங்கள்.