கட்டுநாயக்கவிலிருந்து ஜித்தா வரை

உம்ராவுக்குப் புறப்படும் பெண்கள் பெட்டியில் என்ன வைப்பது என்று பலரிடம் விசாரிக்கிறார்கள். அந்த ஆறு மணித்தியாலப் பயணத்தில் தொழுகைக்கும் நோன்புக்கும் இஹ்ராமுக்கும் என்ன நேர்கிறது என்று கேட்பவர்கள் குறைவு.

கட்டுநாயக்கவிலிருந்து ஜித்தாவுக்கு நேர்வழியில் ஏறத்தாழ 4,650 கிலோ மீற்றர். இடையில் எங்கும் இறங்காத விமானம் சுமார் 6 மணித்தியாலங்களில் போய்ச் சேரும். நமது கடிகாரம் அவர்களுடையதைவிட இரண்டரை மணித்தியாலம் முந்தியது. ஆகவே பகல் 2 மணிக்குப் புறப்பட்டால் அங்கே மாலை 5.30க்கு இறங்குவீர்கள். மூன்றரை மணித்தியாலம்தான் சென்றது போல் தோன்றும். உடம்பு ஆறு மணித்தியாலக் களைப்பைச் சொல்லும்.

காரணம், நீங்கள் சூரியனைத் துரத்திக்கொண்டு மேற்கே போகிறீர்கள். கொழும்பில் மஃரிப் பாங்கு சொல்லும் நேரத்தில் உங்கள் ஜன்னலில் வெயில் அடிக்கும். நோன்போடு ஏறியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்துவிடக் கூடாது. சூரியன் கண்ணுக்குத் தெரியும்வரை அவருக்குப் பகல்தான். ஷாபிஈ மத்ஹபின்படி, ஸுப்ஹுக்கு முன்பே ஊர் எல்லையைக் கடந்தவருக்கு அன்றைய நோன்பை விடச் சலுகை உண்டு. நோன்பை ஆரம்பித்த பின் பகலில் புறப்பட்டவருக்கு அச்சலுகை இல்லை; அவரது நோன்பு இரண்டரை மணித்தியாலத்துக்கும் மேலாக நீளும். தாங்கமுடியாத கஷ்டம் ஏற்பட்டால் அது வேறு விடயம்.

“சொகுசாக உட்கார்ந்து போகிறோமே, சுருக்கித் தொழலாமா?” என்று சிலர் கேட்கிறார்கள். தாராளமாக! சட்டம் தூரத்தைப் பொறுத்தது, களைப்பைப் பொறுத்ததல்ல. ஒட்டகம் இரண்டு நாள் நடந்த எண்பதுசொச்சம் கிலோ மீற்றரை விமானம் ஆறேழு நிமிடத்தில் கடந்துவிடுகிறது. ஊர் எல்லையைத் தாண்டியிருந்தால் ழுஹரையும் அஸரையும் விமான நிலையத்திலேயே சேர்த்துச் சுருக்கித் தொழுதுவிட்டு ஏறுங்கள். உள்ளே வுழூச் செய்ய வரிசையில் நிற்கும் அவதி மிச்சம்.

இனி முக்கியமான விடயம். ஜித்தாவுக்குக் கிழக்கிலிருந்து வரும் விமானங்கள் பொதுவாகத் தாயிப் பக்கமாக, கர்னுல் மனாஸில் என்ற மீகாத்தை ஒட்டிச் செல்கின்றன. விமானம் நிமிடத்துக்குப் பதினான்கு கிலோ மீற்றர் பறக்கிறது. அறிவிப்பு வந்த பின் எழுந்து ஆயத்தமாக அவகாசம் எங்கே? வீட்டிலேயே குளித்து ஆயத்தமாகி, அறிவிப்பைக் கேட்டதும் நிய்யத் வைத்துத் தல்பியா சொல்லுங்கள். தூங்கிவிடுவோம் என்ற பயமிருந்தால் முன்கூட்டியே நிய்யத் வைப்பதில் குற்றமில்லை. பெண்களுக்குத் தனி ஆடை கிடையாது. முகத்திரையும் கையுறையும் மட்டும் கூடாது.

மாதவிடாய் வந்துவிட்டதென்று நிய்யத் வைக்காமலே சில சகோதரிகள் ஜித்தாவில் இறங்கிவிடுகிறார்கள். இது பெரும் தவறு. உம்ரா நாட்டத்தோடு இஹ்ராமின்றி மீகாத்தைக் கடந்தவர் அங்கு திரும்பிச் செல்ல வேண்டும். இல்லையேல் ‘தம்’ கொடுக்க வேண்டும். அஸ்மா பின்த் உமைஸ் (றழி) அவர்கள் துல்ஹுலைபாவில் பிள்ளை பெற்றிருந்த நிலையிலும், குளித்து இஹ்ராம் அணியுமாறே நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். நிய்யத்தை வையுங்கள், தவாபை மட்டும் சுத்தமாகும்வரை பிற்போடுங்கள். கணவரிடம் சொல்ல வெட்கப்பட்டு மறைத்துவிடாதீர்கள்.

திரும்பி வரும்போது கணக்குத் தலைகீழ். காற்று பெரும்பாலும் பின்னாலிருந்து தள்ளுவதால் நேரம் சற்றுக் குறையும், இரவும் சுருங்கிவிடும். அங்கே இரவு 8 மணிக்கு ஏறினால் இங்கே அதிகாலை 4 மணியளவில் இறங்குவீர்கள். இஷாவைப் பிறகு பார்ப்போம் என்று கண்ணை மூடினால் ஸுப்ஹு வந்து நிற்கும். மஃரிபோடு சேர்த்துத் தொழுதுவிட்டே ஏறுங்கள்.