டிக்கெட் வாங்கினால் போதுமா? இடத்தையும் கேட்டு வாங்குங்கள்!



பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் நம் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் ஒரே பேச்சுதான். "இந்த வருஷம் ஊருக்குப் போகிறீர்களா? எந்த ஏஜண்டு? எத்தனை வெள்ளி?" என்று கேட்போம். எத்தனை கோயில், எத்தனை நாள், எந்த ஓட்டல், மூன்று வேளையும் சாப்பாடு உண்டா என்றெல்லாம் துருவித் துருவி விசாரிப்போம். ஆனால் விமானத்தில் எங்கே உட்காரப் போகிறோம் என்று மட்டும் கேட்கமாட்டோம். நானும் கேட்கவில்லை. அதற்கு என் தாயார் கொடுத்த விலையைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

2023 டிசம்பர் விடுமுறையில் எட்டு நாள் கோயில் சுற்றுலாவுக்குப் பணம் கட்டினோம். நான், என் கணவர், ஒன்பது வயது மகன், எழுபது வயதான என் அம்மா ஆகிய நால்வர். அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் பால் மரம் வெட்டியவர். அவருடைய அப்பா நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறி வந்தவர். ஸ்ரீரங்கத்துக் கோபுரத்தை மொட்டைக் கோபுரம் என்றுதான் தாத்தா சொல்லுவாராம். அது 1987-இல் 236 அடி ராஜகோபுரமாக எழும்பிவிட்டது என்று அறிந்த நாளிலிருந்து, அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும் என்பதே அம்மாவின் ஆசை. எங்கள் முதல் நாள் தரிசனமும் ஸ்ரீரங்கம்தான்.

சிப்பாங் விமான நிலையத்தில் ஏஜண்டின் ஆள் டிக்கெட்டுகளைக் கையில் கொடுத்தபோதுதான் பார்த்தேன். நால்வருக்கும் நான்கு வெவ்வேறு வரிசை! விமானத்துக்குள் ஒரு புண்ணியவான் இடம் மாற்றிக் கொடுத்ததால் மகன் என் பக்கத்தில் வந்துவிட்டான். அம்மாவுக்கோ பின்னால் 27-ஆம் வரிசை, நடு இருக்கை. இருபுறமும் முன்பின் தெரியாத ஆடவர்கள். அம்மாவை உட்கார வைத்து, வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல், "பேசாம உட்காரும்மா, யாரையும் தொந்தரவு பண்ணாதே" என்று சொல்லிவிட்டு என் இடத்துக்குப் போனேன்.

அம்மா சொன்ன சொல்லைத் தட்டாதவர். நான்கு மணி நேரம் எழவேயில்லை. எழுந்தால் பக்கத்தில் இருப்பவரும் எழ வேண்டுமே என்று கழிவறைக்குப் போகவில்லை. போக வேண்டி வருமே என்று ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. திருச்சியில் இறங்கும்போது அவர் கால்களுக்குச் செருப்பு ஏறவில்லை. அவ்வளவு வீக்கம்!

மருத்துவர் வந்து பார்த்தார். "இரத்தக் கட்டு எதுவும் இல்லை, இரண்டு நாள் காலை உயர்த்தி வைத்துப் படுக்கட்டும்" என்றார். மற்றவர்கள் ஸ்ரீரங்கம் போனார்கள். நானும் அம்மாவும் ஓட்டல் அறையில் இருந்தோம். மேல்மாடிச் சன்னல் வழியே தூரத்தில் தெரிந்த கோபுரத்தைப் பார்த்துக் கைகூப்பினார் அம்மா. மூன்றாம் நாள் பேருந்து மதுரைக்குப் புறப்பட்டுவிட்டது.

இரண்டு அடிக்கோலும் நான்கு அங்குலமும்

ஊருக்குப் போக நம்மில் பலர் ஏறும் மலிவுக் கட்டண விமானங்களில் நடைபாதைக்கு இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று என்று ஒரு வரிசைக்கு ஆறு இருக்கைகள் இருக்கும். சுமார் 180 பேர் ஏறுவார்கள். ஓர் இருக்கையின் அகலம் ஏறக்குறைய 17 முதல் 18 அங்குலம். ஓர் இருக்கையின் ஒரு புள்ளியிலிருந்து முன் இருக்கையின் அதே புள்ளி வரையுள்ள தூரம் 28 முதல் 30 அங்குலம். பிள்ளைகளின் பள்ளிக்கூட அடிக்கோலை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு அடிக்கோல்களை நீட்டி வைத்து, கூட நான்கு அங்குலம் சேர்த்தால் 28. அதற்குள்தான் நம் முதுகு சாயும் பலகையின் கனமும் அடங்க வேண்டும், நம் முழங்காலும் அடங்க வேண்டும். உணவும் பெட்டியும் கட்டணத்திலேயே அடங்கிய பெரிய நிறுவனங்களின் விமானங்களில் 31, 32 அங்குலம் இருப்பதுண்டு.

அந்தக் காலத்தில் 'ரஜூலா'வின் தளத்தில் வந்தவர்களுக்கு வெயிலும் மழையும் வாந்தியும்தான் துணை. ஆயினும் பாயை விரித்துக் காலை நீட்டிப் படுக்க இடமிருந்தது. ஒரு வாரப் பயணம் இன்று நான்கு மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. கால் நீட்டும் இடமும் கூடவே சுருங்கிவிட்டது. குறைந்த கட்டணத்தில் பறக்க வேண்டுமென்றால் இதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சிறிய இடத்திலும் எது நமக்கு ஏற்றது என்று தேர்ந்தெடுக்கலாம் அல்லவா?

இடம் ஏன் சிதறுகிறது?

மலிவுக் கட்டண நிறுவனங்கள் டிக்கெட்டை ஒரு பொருளாகவும், விருப்பமான இடத்தை வேறொரு பொருளாகவும் விற்கின்றன. இடத்துக்குப் பணம் கட்டாதவர்களுக்குக் கணினி கிடைத்த இடத்தைக் கொடுத்துவிடும். "விமானக் கட்டணம் உட்பட" என்று ஏஜண்டின் துண்டறிக்கையில் அச்சிட்டிருந்தால், அதில் இருக்கைத் தேர்வும் பெட்டிக் கட்டணமும் உணவும் சேர்ந்திருப்பதாக நாமே நினைத்துக்கொள்கிறோம். சேர்ந்திருக்கலாம், சேராமலும் இருக்கலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. முப்பது நாற்பது பேருக்கு மொத்தமாகப் பதிவு செய்யும்போது, ஒரே குடும்பத்தினர் இரண்டு மூன்று பதிவு எண்களில் பிரிந்துவிடுகிறார்கள். அப்போது அவர்கள் ஒரு குடும்பம் என்பது கணினிக்குத் தெரியாது. 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளையைத் தாய் அல்லது தந்தையின் அருகில் அமர்த்த வேண்டும் என்று இந்திய விமானப் போக்குவரத்து இயக்ககம் 2024 ஏப்ரலில் இந்திய நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. அந்த உத்தரவும் ஒரே பதிவு எண்ணில் உள்ளவர்களுக்குத்தான். ஆகவே பணம் கட்டும் முன் ஏஜண்டிடம் இந்த நான்கு கேள்விகளைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்:

1. எங்கள் குடும்பம் முழுவதும் ஒரே பதிவு எண்ணில் இருக்கிறதா?
2. இருக்கைத் தேர்வு கட்டணத்தில் அடங்குமா? இல்லையென்றால் எத்தனை வெள்ளி?
3. போகும்போது எத்தனை கிலோ, வரும்போது எத்தனை கிலோ?
4. முதியவருக்குச் சக்கர நாற்காலி கேட்டுப் பதிந்தாயிற்றா?

சக்கர நாற்காலியைப் பொதுவாக 48 மணி நேரத்துக்கு முன்பே கேட்க வேண்டும். நடக்க முடியாதவர்களுக்குத்தான் அது என்று கூச்சப்பட வேண்டாம். சிப்பாங்கில் வாசலிலிருந்து விமானம் வரை நடப்பது முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சாதாரணத் தூரம் அல்ல.

யாருக்கு எந்த இடம்?

முதியவர்களுக்கும், நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் நடைபாதை ஓர இருக்கையே நல்லது. யாரையும் எழுப்பாமல் எழுந்து நடக்கலாம். சிறு பிள்ளைகளுக்குச் சன்னலோரம். நடுவில் பெற்றோர் அமரலாம்.

அவசர வழியை ஒட்டிய வரிசையில் கால் நீட்ட இடம் அதிகம். ஆனால் ஆபத்து வேளையில் கதவைத் திறந்து உதவக்கூடியவர்களுக்கே அந்த இடம். குழந்தைகள், கர்ப்பிணிகள், நடக்கச் சிரமப்படும் முதியவர்கள் அங்கே அமர விதி இடம் தராது. அம்மாவுக்குக் கால் வலி என்று அந்த இடத்தைப் பணம் கட்டி வாங்கினால், விமானத்தில் எழுப்பி வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள்.

கால்களை மறக்காதீர்கள்

நான்கு மணி நேரமும் அதற்கு மேலும் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால், காலின் ஆழ்ந்த இரத்தக் குழாய்களில் இரத்தம் கட்டும் அபாயம் ஏறக்குறைய இரு மடங்காகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. பயப்பட வேண்டாம், அப்படி நேர்வது சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான். ஆனால் உடற்பருமன் உள்ளவர்கள், கருத்தடை மாத்திரை உட்கொள்பவர்கள், முன்பே இரத்தக் கட்டு கண்டவர்கள் ஆகியோருக்கு அபாயம் கூடுதல். அவர்கள் புறப்படும் முன் மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

விமானத்துக்குள் காற்று மிக உலர்ந்திருக்கும். ஆகவே அவ்வப்போது தண்ணீர் குடியுங்கள். காலி போத்தலைக் கொண்டுபோய், சோதனையைத் தாண்டியபின் நிரப்பிக்கொள்ளலாம். அரை மணிக்கு ஒருமுறை பாதத்தை மேலும் கீழும் அசையுங்கள். குதிகாலை ஊன்றி விரல்களைத் தூக்குங்கள். இருக்கை வார் விளக்கு அணைந்திருக்கும்போது எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள். கால் வைக்கும் இடத்தில் பையைத் திணித்து அடைக்காதீர்கள். ஊர் போய்ச் சேர்ந்த பிறகு ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மருந்துகளைக் கைப்பையில் வையுங்கள். இன்சுலினைக் கீழே போகும் பெட்டியில் போட்டால் குளிரில் உறைந்து கெட்டுவிடலாம். மருத்துவரின் கடிதமும் கூட இருக்கட்டும்.

விதிகளுக்குக் காரணம் உண்டு

"சாய்ந்த இருக்கையை நிமிர்த்துங்கள், சன்னல் மூடியைத் திறங்கள் என்று அதிகாரம் பண்ணுகிறார்கள்" என்று சிலர் முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறேன். ஏறும்போதும் இறங்கும்போதும்தான் ஆபத்து அதிகம். பாதிக் கதவுகள் மட்டுமே திறந்த நிலையிலும் அத்தனை பேரும் 90 விநாடிக்குள் வெளியேற முடியும் என்று காட்டினால்தான் ஒரு விமான வகைக்கு அனுமதி கிடைக்கிறது. சாய்ந்த இருக்கை பின்னால் இருப்பவரின் வழியை மறிக்கும். மூடிய சன்னல் வெளியே தீ இருந்தாலும் மறைத்துவிடும். மற்ற நேரத்தில் சாய்ந்துகொள்வது உங்கள் உரிமை. ஆனால் பின்னால் ஒரு தடவை பார்த்துவிட்டு மெதுவாகச் சாயுங்கள்; அங்கே யாராவது சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.

கையில் ஏழு கிலோதான் என்று சொன்னால் வீட்டிலேயே நிறுத்துப் பாருங்கள். விமான நிலையத்தில் கட்டும் அதிகப்படிக் கட்டணம், முன்கூட்டியே வாங்குவதைவிட மிகக் கூடுதல். நீர்ப்பொருள்கள் 100 மில்லிக்கு மேற்படாத புட்டியில்தான் கைப்பையில் வரலாம். 2006-இல் லண்டனில் பிடிபட்ட வெடிச் சதிக்குப் பிறகு வந்த விதி இது. ஊறுகாயும் சம்பாலும் நெய்யும் ராமேஸ்வரத் தீர்த்தமும் இந்தக் கணக்கில் சேரும். கற்பூரம் எளிதில் தீப்பிடிப்பது. கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. கைப்பேசிக்கு மின்னேற்றும் பவர்பேங்க்கைக் கைப்பையில் மட்டுமே கொண்டுபோகலாம். 2025 முதல் பல நிறுவனங்கள் விமானத்துக்குள் அதைப் பயன்படுத்துவதையும் தடுத்துவிட்டன.

தாமதமானால்...

நமக்கும் உரிமைகள் உண்டு. 2016-இல் வந்த மலேசிய விமானப் பயணிகள் பாதுகாப்புக் கோட்பாட்டின்படி, விமானம் இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் உணவு தர வேண்டும். ஐந்து மணி நேரத்துக்கு மேல் போய் இரவு தங்க நேர்ந்தால் தங்குமிடமும் போக்குவரத்தும் தர வேண்டும். 2024 செப்டம்பரில் செய்த திருத்தத்தின்படி, ஐந்து மணி நேரத் தாமதத்துக்குப் பயணத்தை விட்டுவிட்டுப் பணத்தையும் திரும்பக் கேட்கலாம். நிறுவனம் செவிசாய்க்காவிட்டால் மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் புகார் செய்யுங்கள். 2025 ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து இந்தப் பொறுப்பு அதனிடம் இருக்கிறது. பெட்டி உடைந்து வந்தால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே சொல்லிவிடுங்கள். எழுத்து மூலம் முறையிட ஏழு நாள்தான் கெடு.

ஏஜண்டு எழுத்தில் தந்த வாக்கை மீறினால், ஐந்து வெள்ளிக் கட்டணத்தில் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை நாடலாம். 50,000 வெள்ளி வரையிலான வழக்கை வழக்கறிஞர் இல்லாமலே அங்கே நாமே பேசலாம். அதற்குத்தான் எழுத்தில் வாங்குங்கள் என்றேன்.

அம்மா கேட்ட தண்ணீர்

ஊர் திரும்பும் முன் ஓட்டலில் இருந்தே கைப்பேசி வழியாகப் பணம் கட்டி, நால்வருக்கும் ஒரே வரிசையில் இடம் வாங்கினோம். அம்மாவுக்கு நடைபாதை ஓரம். அவர் வழி செலவுக்கு வைத்திருந்த காசில் பாதிகூட ஆகவில்லை. போகும்போதே இதைச் செய்திருந்தால் அவர் ஸ்ரீரங்கத்தைப் பார்த்திருப்பார். ஏஜண்டின் மேல் கோபம் இருந்தது உண்மைதான். ஆனால் "தொந்தரவு பண்ணாதே" என்று சொன்னது ஏஜண்டு அல்ல, நான். அதிகாரிக்கு முன் வாய் திறக்காமல் நிற்பதே மரியாதை என்று தோட்டத்தில் வளர்ந்த பழக்கம் எனக்குள் இருந்திருக்கிறது. அதையே பெற்ற தாய்க்குப் பாடமாகச் சொல்லியிருக்கிறேன்.

இம்முறை தலைக்கு மேலே இருந்த பொத்தானைக் காட்டி, "தண்ணி வேணும்னா இதை அழுத்தும்மா" என்றேன். வெகுநேரம் தயங்கிவிட்டு அழுத்தினார். பணிப்பெண் வந்து சிரித்த முகத்தோடு ஒரு போத்தல் கொடுத்துவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போனாள். அம்மா இரண்டு மிடறு குடித்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, ஏதோ இரகசியம் சொல்வதுபோல் சொன்னார்:

"கேட்டா வர்றாங்களே, பாப்பா!"