மணம் தரும் பொருள்கள்: அஞ்ச வேண்டியது எதற்கு?

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. மரபான செய்முறையில் பாலும் சர்க்கரையும் மட்டுமே உண்டு. பால் சுண்டும்போது அதிலுள்ள புரதமும் சர்க்கரையும் வெப்பத்தால் வினைபுரிந்து பல வேதிப்பொருள்களை உண்டாக்குகின்றன; பால்கோவாவின் மணம் அவற்றிலிருந்தே பிறக்கிறது. இராஜபாளையத்துக் கடைகளில் விற்கும் கேக்கிலும் பிஸ்கட்டிலும் அவ்வேலையைப் பெரும்பாலும் எசன்ஸ் செய்கிறது. உறையின்மீது 'செயற்கைச் சுவைமணப் பொருள்' என்று கண்டதும், இதனை நோயாளிக்குக் கொடுக்கலாமா என்ற ஐயம் உடனிருப்போருக்கு எழுவது இயல்பே.

இத்தகைய பொருள்களை ஆராய, உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனமும் கூட்டாக அமைத்த வல்லுநர் குழு 1956 முதல் இயங்கி வருகிறது. உணவுச் சேர்க்கைப் பொருள்களைப் பொறுத்தவரை, விலங்குகளுக்குத் தீங்கு எதுவும் விளைவிக்காத மிக உயர்ந்த அளவைக் கண்டறிந்து, அதனை வழக்கமாக 100-ஆல் வகுப்பர். விலங்குக்கும் மனிதருக்கும் உள்ள வேறுபாட்டுக்காக ஒரு 10. மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டுக்காக மற்றொரு 10. முதியோரையும் குழந்தைகளையும் எண்ணியே இரண்டாவது 10 சேர்க்கப்பட்டது.

சுவைமணப் பொருள்கள் மிகச் சிறிய அளவிலேயே உணவில் சேர்வதால், அவற்றை வேதியமைப்பின்படி மூன்று வகுப்புகளாகப் பிரிக்கின்றனர். ஒருவர் நாளொன்றுக்கு உட்கொள்ளும் அளவு 1,800, 540, 90 மைக்ரோகிராம் என்னும் வகுப்பு வரம்பைத் தாண்டினால் கூடுதல் சான்று கேட்கப்படும். ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கே மைக்ரோகிராம்.

அளவைப் போலவே, உடலுக்குள் செல்லும் வழியும் முக்கியம். வெண்ணெயில் இயற்கையாகவே உள்ள டையசெட்டைல் இதற்குச் சான்று. அமெரிக்காவின் மிசௌரி மாநிலப் பாப்கார்ன் ஆலை ஒன்றில் அதன் ஆவியை நாள்தோறும் சுவாசித்த தொழிலாளர்களுக்கு, நுண்ணிய மூச்சுக்குழாய்கள் வடுவுற்று அடைபடும் கடும் நோய் இருந்தது 2000-ஆம் ஆண்டு தெரியவந்தது.

இயற்கையில் கிடைப்பது அனைத்தும் தீங்கற்றது என்றும் கொள்ள இயலாது. வசம்பிலுள்ள பீட்டா-அசரோன் எலிகளில் கட்டிகளை உண்டாக்கியது. அமெரிக்கா 1968-இல் உணவில் வசம்பைத் தடை செய்தது. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளும் பீட்டா-அசரோன், கூமரின், சாஃப்ரோல் ஆகியவற்றைச் சுவைமணப் பொருளாகச் சேர்ப்பதை விலக்கியுள்ளன. எனவே, கைக்குழந்தையின் நாவில் வசம்பைத் தேய்க்கும் வழக்கத்தைக் கைவிடுமாறு பெற்றோரையும் பாட்டிமாரையும் அன்புடன் வேண்டுகிறோம்.

அஜினோமோட்டோ எனப்படும் மோனோசோடியம் குளூட்டமேட் சுவையை மிகுவிப்பது. உறையில் 621 என்ற எண்ணாலும் குறிக்கப்படும். வல்லுநர் குழு 1987-இல் இதற்கு நாளளவு வரம்பு எதனையும் விதிக்கவில்லை. எனினும் இதில் ஏறத்தாழ 12 விழுக்காடு சோடியம் உண்டு. சமையல் உப்பில் 39 விழுக்காடு. உயர் இரத்த அழுத்தமோ சிறுநீரக நோயோ உடையவர்கள் உப்போடு இதனையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும். 12 மாதம் நிறையாத குழந்தைகளுக்கு இது சேர்ந்த உணவைத் தரலாகாது.

நீரிழிவு உடையவரைப் பொறுத்தவரை, துளி எசன்ஸைக் காட்டிலும் எதுவும் கலவாத பால்கோவாவின் சர்க்கரையே பெரிய கேடு. ஆகவே உறையைப் படிக்கும்போது முதலில் சர்க்கரையையும் சோடியத்தையும் பாருங்கள். அடுத்து 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணைப் பாருங்கள். உரிம எண்ணோ உட்பொருள் பட்டியலோ இல்லாத பொட்டலத்தை வாங்காதீர்கள். ஐயம் எழுந்தால் உறையை எறிந்துவிடாமல் எம் உணவியல் வல்லுநரிடம் கொண்டு வந்து காட்டுங்கள்; உங்கள் நோய்க்கும் மருந்துக்கும் ஏற்ப அளவைச் சொல்வோம்.