கடைவாய்ப்பல் போனவர்கள் கடன் வாங்கும் முன்...

"கடைவாய்ப்பல் இரண்டை எடுத்தாகிவிட்டது. இம்பிளான்ட் வைக்கப் பெரிய தொகை கேட்கிறார்கள். வட்டிக்கு வாங்கியாவது வைத்துக்கொள்ளலாமா ஹஜ்ரத்?" மஹல்லாவில் இப்படிக் கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். வட்டியின் சட்டம் அவர்களுக்கே தெரியும். தெரியாதது பல்லின் கணக்கு.

ஞானப்பற்களையும் சேர்த்து மனிதனுக்கு 32 பற்கள். இவற்றில் பெரிய கடைவாய்ப்பற்கள் 12. அந்தப் பன்னிரண்டும் இல்லாவிட்டாலும் 20 மிஞ்சுகின்றன. மேலே பத்தும் கீழே பத்தும் ஒன்றோடொன்று பொருந்தி நின்றால் அன்றாட உணவை மெல்வதற்குப் பெரும்பாலோருக்கு அது போதும் என்பதை நெதர்லாந்தின் நைமேகன் நகரப் பல் மருத்துவப் பேராசிரியர் கைசர் 1981-ல் எடுத்துக்காட்டினார். ஜப்பானில் 1989 முதல் நடக்கும் இயக்கத்தின் இலக்கும் 80 வயதில் 20 சொந்தப் பற்கள் என்பதுதான். ஆக, கடைவாயில் இடைவெளி இருக்கிறது என்பதற்காகவே அதை நிரப்பியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஆனால் எல்லா இடைவெளியும் ஒன்றல்ல. வரிசையின் கடைசிப் பல் போனால் பெரும்பாலும் சமாளிக்கலாம். நடுவில் ஒரு பல் போனால் பின்னால் இருப்பது முன்பக்கம் சாயும். எதிரே இருப்பது மெல்ல மெல்ல இடைவெளிக்குள் நீண்டு வரும். சாய்ந்த இடுக்கில் உணவு சிக்கி, நல்ல பல்லும் சொத்தையாகும். எனவே மருத்துவரிடம் "இம்பிளான்ட் எவ்வளவு?" என்று ஆரம்பிக்காதீர்கள். "இதை இப்படியே விட்டால் மற்றப் பற்களுக்கு என்ன ஆகும்?" என்று கேளுங்கள்.

நிரப்பத்தான் வேண்டும் என்றால், கழற்றி மாட்டும் பல் செட் இருப்பதிலேயே செலவு குறைந்தது. பிரிட்ஜ் கட்ட வேண்டுமானால் இருபக்கமும் உறுதியான பற்கள் வேண்டும், அவற்றைச் சீவவும் வேண்டும். சொத்தையில்லாத பல்லைச் சீவுவது பற்றி ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். அரசு பல் மருத்துவக் கல்லூரி எட்டும் தூரத்தில் இருந்தால் முதலில் அங்கே விசாரியுங்கள். நேரம் அதிகம் பிடிக்கும், செலவு குறையும்.

செட்டை இரவில் கழற்றி, சோப்பும் மென்மையான பிரஷ்ஷும் கொண்டு கழுவித் தண்ணீரில் போட்டு வையுங்கள். வெந்நீர் பட்டால் வளைந்துவிடும். தளர்ந்து ஆடும் செட்டோடு காலம் தள்ளாதீர்கள். கம்பி பிடித்திருக்கும் பல்லும் ஆட ஆரம்பிக்கும்.

இதில் சட்டம் ஒன்றும் உண்டு. கடமையான குளிப்பில் வாய் கொப்பளிப்பது ஹனஃபி மத்ஹபில் ஃபர்ளு. எனவே எளிதில் கழற்றக்கூடிய செட்டைக் கழற்றிவிட்டுக் கொப்பளிப்பதே பேணுதல். ஷாஃபிஈ மத்ஹபில் அது சுன்னத். ஒட்டிவைத்த பிரிட்ஜைக் கழற்ற வேண்டியதில்லை. செயற்கைப் பல் கூடுமா என்று தயங்குவோரும் இருக்கிறார்கள். போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்களைத் தங்கத்தில் மூக்கு வைத்துக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி அபூதாவூத், திர்மிதீ நூல்களில் உள்ளது.

எனக்குப் பெரிய கவலை சாப்பாடு பற்றித்தான். மெல்ல முடியாதவர்கள் கறி, காய், கொட்டை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, டீயில் நனைத்த ரஸ்க்கும் கஞ்சியுமாக வாழப் பழகிவிடுகிறார்கள். சர்க்கரை நோய் உள்ளவருக்கு இது ஆபத்தான பழக்கம். கறியைக் கைமாவாக வாங்குங்கள். மீன், முட்டை, பருப்புக்குக் கடைவாய்ப்பல் அதிகம் தேவைப்படாது. கேரட்டைத் துருவலாம், கீரையைக் கடையலாம், வேர்க்கடலையைப் பொடிக்கலாம். எலும்பை மட்டும் முன்பற்களால் கடிக்காதீர்கள். அவை அதற்காகப் படைக்கப்பட்டவை அல்ல.

வீட்டில் ஆறு வயதுப் பிள்ளை இருந்தால் அதன் வாயையும் பாருங்கள். பால்பற்களுக்குப் பின்னால் அந்த வயதில் முளைக்கும் கடைவாய்ப்பல் நிரந்தரப் பல். "விழுந்து முளைக்கும்" என்று பலர் அதன் சொத்தையைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். செட் உரசியோ உடைந்த பல் குத்தியோ வந்த வாய்ப்புண் இரண்டு வாரத்தில் ஆறவில்லையென்றால், அதிலும் பாக்கு, புகையிலைப் பழக்கம் உள்ளவரென்றால், அன்றே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.