இன்டர் காலேஜ் கப் போதாது... அரசு வேலைக்கு கைகொடுக்கும் சர்டிபிகேட் எது?

புதுச்சேரி:-

காலையில் லாஸ்பேட்டை ஹெலிபேட் மைதானம் பக்கம் போனால் கிரிக்கெட் மட்டையோடு வரும் பையன்கள்தான் கண்ணில் படுவார்கள். கபடி, கோ-கோ, பூப்பந்து ஆடும் கல்லூரி மாணவர்களைப் பற்றி பேச்சே இருக்காது. ஆனால் மத்திய அரசு வேலை என்று வந்துவிட்டால் எல்லா ஆட்டத்துக்கும் ஒரே மரியாதைதான்.

மத்திய பணியாளர் துறையின் 2013-ம் ஆண்டு உத்தரவுப்படி, 'சி' பிரிவு பணியிடங்களில் 5 சதவீதம் வரை விளையாட்டு வீரர்களை எடுக்கலாம். 43 ஆக இருந்த ஆட்டங்களின் பட்டியல் 2020-ல் 63 ஆனது. கபடி, கோ-கோ, பூப்பந்து மூன்றும் பழைய பட்டியலிலேயே உண்டு. நம்ம ஊர் கிளித்தட்டு மாதிரியான ஆட்யா பாட்யா கூட இருக்கிறது. வயது வரம்பில் 5 ஆண்டு வரை சலுகையும் உண்டு.

சிக்கல் சர்டிபிகேட்டில்தான். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் கப் வாங்கியதை வைத்து விண்ணப்பித்தால் செல்லாது. பல்கலைக்கழக அணிக்காக, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியிருக்க வேண்டும். இரண்டும் ஒன்று என்று நினைத்து ஏமாறும் மாணவர்கள் உண்டு.

அந்த அணிக்குள் நுழைவதே பெரும்பாடு. பாண்டிச்சேரி பல்கலைக்கழக அணி என்றால் காரைக்கால், மாகி, ஏனாம் கல்லூரி வீரர்களும் போட்டிக்கு வருவார்கள். பூப்பந்தில் களத்தில் 5 பேர், மாற்று ஆட்டக்காரர்களோடு 10 பேர். அவ்வளவுதான் இடம்.

அடுத்தது தென்மண்டல போட்டி. தமிழகம், கேரளா, கர்நாடகா, ஆந்திரா, தெலுங்கானா அணிகள் மோதும். முதல் சுற்றுகள் நாக்-அவுட் என்பதால் ஒரு மேட்ச் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். முதல் 4 இடம் பிடித்தால் வழக்கமாக அகில இந்திய போட்டிக்கு வாய்ப்பு.

பூப்பந்தில் தென்மாநிலங்கள்தான் பலம் என்பதால், தென்மண்டலமே பாதி அகில இந்திய போட்டி மாதிரி. கபடியில் வேறு தலைவலி. சென்னை பக்கத்து நிகர்நிலை பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் நல்ல வீரர்களுக்கு இலவச சீட்டு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் கிடைக்கிறது. காலேஜ் முடிந்து சாயங்காலம் மட்டும் பயிற்சி எடுக்கும் பையன்கள் அவர்களோடு மல்லுக்கட்ட வேண்டும்.

2020-ல் புவனேஸ்வரில் நடந்த முதல் கேலோ இந்தியா பல்கலைக்கழக போட்டியில் கபடி இருந்தது, பூப்பந்து இல்லை.

அகில இந்திய அளவில் முதல் 3 இடத்துக்குள் வந்தவர்களுக்கு வேலையில் முன்னுரிமை. பதக்கம் இல்லாமல் ஆடியவர்கள் அதற்குப் பின்னால்தான். ரயில்வேக்கு தனி விதி, அது இன்னும் கெடுபிடி.

ஆடியதற்கு ஆதாரம் 'படிவம் 3'. இதில் கல்லூரி உடற்கல்வி ஆசிரியர் கையெழுத்து போட்டால் பலிக்காது. பல்கலைக்கழக விளையாட்டு பொறுப்பு அதிகாரிதான் போட வேண்டும். டிகிரி முடிக்கும்போதே கையோடு வாங்கிக்கொண்டால் பிற்பாடு அலைச்சல் மிச்சம்.