சத்தம் எப்போது வருகிறது?

தியத்தலாவையின் பொக்ஸ் ஹில் மண் ஓடுதளம் கார்ப் பந்தயத்துக்குப் பெயர்போனது. அப்படியொரு தளத்தில் விரட்டப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார் வீடு திரும்பும்போது, முன் சில்லுகளிலிருந்து அதுவரை கேட்டிராத கீச்சொலியோ உரசலோ எழுந்தால், பலரும் நேரே கராஜுக்குப் போய்ப் பிரேக் பேட்களை மாற்றிவிடுகிறார்கள். சில வேளை சத்தம் நிற்கும். பல வேளை புதிய பேட்டோடு அதே சத்தம் திரும்பி வரும். முதலில் கேட்கவேண்டியதைக் கேட்காமல் விட்டதால் வரும் வினை இது. இந்தப் பிரேக் எவ்வளவு சூடேறியது, சத்தம் எந்த வேளையில் வருகிறது? இந்தக் கேள்வி பந்தயக்காரர்களுக்கு மட்டும் உரியதென்று ஒதுக்க முடியாது. ஊவாவின் இறக்கங்களில் ஓடும் வேனும் காரும் கொழுந்து லொறியும் ஓடுதளத்துக் கார் படும் பாட்டைத்தான் படுகின்றன. சில வகையில் அதைவிட மோசமாகவும் படுகின்றன.

கணக்குப் போட்டாலே இது விளங்கும். எல்ல ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வெல்லவாய 200 மீற்றர் அளவில். ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள ஒரு கார் முப்பது கிலோமீற்றருக்கும் குறைவான அந்தத் தூரத்தில் 800 மீற்றர் கீழே இறங்கும்போது, ஒன்பது மெகாஜூலுக்கும் அதிகமான சக்தியை எங்காவது இழந்தாக வேண்டும். முப்பது லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான சக்தி அது. அதே கார் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்திலிருந்து இருபது தடவை முழுதாக நிறுத்தப்பட்டால் பிரேக்கில் பிறக்கும் வெப்பமும் ஏறக்குறைய அவ்வளவே. இதில் கணிசமான பங்கைக் காற்றும் டயரும் எடுத்துக்கொள்ளும் என்பது உண்மைதான். மிச்சத்தை எஞ்சின் தாங்குவதா, பிரேக் தாங்குவதா என்பது சாரதியின் கையில் இருக்கிறது. ஓடுதளத்தில் ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் இடையில் நேர்ப்பாதை உண்டு. அங்கே பேட் கவ்வும் டிஸ்கைக் காற்று குளிர்விக்கும். உயர் கியரில் பிரேக்கை மிதித்தபடியே பெரகலையிலிருந்து கொஸ்லாந்தைப் பக்கம் இறங்கும் வாகனத்தின் பிரேக்குக்கு அந்த ஓய்வுகூடக் கிடைப்பதில்லை.

வெப்பம் பிரேக்கில் தன் தடத்தை விட்டுச் செல்கிறது. பேட் என்பது உராய்வுப் பொருள்களின் தூளைப் பிசின் போட்டு இறுக்கிய கட்டி. அளவுக்கு மீறிச் சூடேறினால் பிசின் எரிந்து, பேட்டின் மேற்பரப்பு கண்ணாடிபோல் மினுங்கி இறுகிவிடும். அந்தப் பேட் சரியாகக் கவ்வாது. டிஸ்கைத் தொட்டதும் அதிர்ந்து கூர்மையாகக் கீச்சிடும். மிதிக்கும்போது பெடல் துடித்து, சில்லு சுற்றும் கதிக்கேற்ப "ஊம்... ஊம்..." என்று முனகல் வந்தால் கதை வேறு. டிஸ்க் கோணிவிட்டது என்றுதான் கராஜில் உடனே சொல்வார்கள். பெரும்பாலும் நடந்திருப்பது, சூடான பேட்டின் பொருள் டிஸ்கில் சமமில்லாமல் ஒட்டி, ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் போனதுதான். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்து, இராவணா எல்ல நீர்வீழ்ச்சியைப் பார்க்க வண்டியை நிறுத்தி, பெடலிலிருந்து காலை எடுக்காமலே நின்றால், கொதிக்கும் டிஸ்கில் பேட் அச்சுப் பதிக்கும். பந்தயக்காரர்கள் கடைசிச் சுற்றை மெதுவாக, பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டுவது இந்தச் சூட்டைத் தணிக்கத்தான். மலையில் ஓட்டுகிறவர்களுக்கும் அந்தப் பழக்கம் வேண்டும். நிறுத்துமுன் கடைசிச் சில நூறு மீற்றர்களைச் சிறிய கியரில் வருவதும், நின்றபின் சில்லுக்குக் கல் அண்டை கொடுத்துப் பெடலை விட்டுவிடுவதும் செலவில்லாத வைத்தியம்.

எனவே சத்தத்தைக் கேட்டதும் அது எப்போது வருகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அப்புத்தளையின் பனிமூட்டத்தில் இரவு முழுக்க நின்ற காரில் காலையில் முதல் இரண்டு மூன்று பிடிக்கு மட்டும் கரகரத்து, பிறகு அடங்கினால், அது வார்ப்பிரும்பு டிஸ்கில் படிந்த துரு; கவலை வேண்டாம். பிரேக்கைத் தொடாதபோது சுரண்டல் கேட்டு, பின்னோக்கி எடுத்தால் மாறினாலோ நின்றாலோ, டிஸ்குக்கும் அதன் பின்னாலுள்ள தகட்டுக்கும் நடுவே கல் சிக்கியிருக்கலாம்; மண் ஓடுதளத்திலும் தோட்டத்துச் சரளைப் பாதையிலும் இது சாதாரணம். மேடு பள்ளத்தில் "டக் டக்" என்று கேட்டு, மிதித்ததும் அடங்கினால், பேட்டைப் பிடித்திருக்கும் கம்பித் தகடு தளர்ந்திருக்கலாம். வேகத்தோடு கூடிக் குறைந்து, வளைவில் மாறும் உறுமல் சில்லின் பெயாரிங்கிலிருந்து வரலாம். அதற்குப் பேட்டை மாற்றிப் பயனில்லை. இரும்பும் இரும்பும் அரைக்கும் ஓசை மட்டும் காத்திருக்க விடாதது. பேட் முழுதும் தேய்ந்து, அதன் இரும்புத் தகடு டிஸ்கைத் தின்னத் தொடங்கிவிட்டது. அந்த வண்டி அதற்குமேல் ஓடக்கூடாது.

கீச்சிடும் பிரேக் ஆபத்தில்லை, எல்லா வண்டியும் கொஞ்சம் கத்தத்தான் செய்யும் என்று அனுபவசாலிகள் மறுப்பார்கள். பாதி சரி. பந்தயத்துக்கென்று செய்த பேட்கள் சூடேறினால்தான் நன்றாகப் பிடிக்கும். அவற்றைப் போட்டுக்கொண்டு பதுளை நகர நெரிசலில் ஊர்ந்தால் கத்தாமல் என்ன செய்யும்? அங்கே பழுது எதுவுமில்லை, பேட்தான் அந்தப் பாதைக்குப் பொருந்தாதது. ஆனால் மறு பாதி கடுமையானது. பிரேக் கைவிடும் மிக மோசமான விதத்தில் சத்தமே வராது. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 வகை ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறியதும் அந்த எல்லை 140 பாகைவரை இறங்கலாம். டொட் 4 வகைக்கு அவை 230, 155. கொதித்த ஒயிலில் பிறக்கும் ஆவி பெடலின் அழுத்தத்தை விழுங்கிவிட, கால் தரைவரை போகும், வண்டி நிற்காது. பஸ்ஸிலும் லொறியிலும் உள்ள டிரம் பிரேக்கில், சூட்டில் டிரம் விரிந்து லைனரை விட்டு விலகும். அதுவும் மௌனமாகவே நடக்கும். ஆகவே சத்தம் அடங்கியதை நலமென்று எண்ணாமல், பெடலின் உயரம், காலுக்குத் தெரியும் இறுக்கம், எரியும் வாடை மூன்றையும் சேர்த்தே முடிவுக்கு வரவேண்டும்.

சிறிய கியரில் இறங்கினால் எரிபொருள் வீண், நியூட்ரலில் விட்டால் மிச்சம் என்ற வாதம் இந்தப் பாதைகளில் உயிரோடு விளையாடுவது. இன்றைய பெற்றோல், டீசல் எஞ்சின்கள் பெரும்பாலானவை, கியரில் இருக்கும்போது அக்சிலரேட்டரை விட்டதும் எரிபொருளை நிறுத்திவிடும். எஞ்சினைச் சில்லுகளே சுழற்றும். நியூட்ரலில் விட்டால் எஞ்சின் அணையாமலிருக்க எரிபொருள் செலவாகும். மிச்சமும் இல்லை, எஞ்சினின் பிடியும் போய்விடும். 2025 செப்டம்பர் 4 இரவு எல்ல - வெல்லவாய வீதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். இறந்தவர்கள் சுற்றுலா வந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தவர்கள். அந்த ஒரு விபத்தின் காரணத்தை இங்கே தீர்மானிப்பது என் வேலையில்லை. ஆனால் அந்தச் சரிவில் நாளும் எத்தனையோ பஸ்கள் இறங்குகின்றன. அவற்றின் பிரேக் என்ன சூட்டில் கீழே வந்து சேருகிறது என்பது பொதுமக்கள் கேட்டே ஆகவேண்டிய கேள்வி.

செலவைச் சொல்லிப் பின்வாங்குவோரும் உண்டு. பார்ப்பதற்குப் பெரிய செலவில்லை. இறக்கம் முடிந்து நிறுத்தியதும், எதையும் தொடாமல் ஒவ்வொரு சில்லருகிலும் கையை நீட்டினால் போதும். இரு முன் சில்லுகளில் ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கே பேட்டை அழுத்தும் கலிப்பர் இறுகி, பேட் விடாமல் உரசிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் பேட்டை மட்டும் மாற்றினால் புதியதையும் அது தின்றுவிடும். கராஜில் சில்லைக் கழற்றும்போது உட்பக்கப் பேட்டையும் பார்க்கச் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரிவது வெளிப்பக்கப் பேட் மட்டுமே. உள்ளே இருப்பது பாதிக்குமேல் தேய்ந்திருக்க, வெளியே இருப்பது புதிதுபோல நிற்கலாம். "பிரேக்கில் சத்தம்" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகாமல், எந்த இறக்கத்துக்குப் பிறகு தொடங்கியது, சூட்டிலா குளிரிலா, மிதித்தாலா விட்டாலா, எந்தப் பக்கம் என்று மெக்கானிக்கிடம் சொன்னால், எந்தச் சில்லை முதலில் கழற்றுவது என்று அவருக்குத் தெரியும்.