கிட்டார் ஆம்ப் வாங்கும் முன்: ஒலியையும் எர்த்தையும் பில்லையும் சோதியுங்கள்

பெடல் வாங்கச் சேர்த்துவைக்கும் பணத்தில் முதல் பங்கு ஆம்புக்குப் போக வேண்டும். லைட் மியூசிக் குழுக்களிலும் சர்ச் பேண்டுகளிலும் புதிதாக கிட்டார் வாசிக்க வருகிறவர்கள் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஓவர்டிரைவ், கோரஸ், டிலே என்று காலடியில் ஐந்தாறு பெடல் வரிசையாக இருக்கும். அத்தனையும் போய்ச் சேருவது படுக்கையறையில் பழகுவதற்கென்று செய்த ஒரு சின்ன ஆம்பில். வீட்டில் கேட்க அழகாக இருந்த சத்தம், மேடையில் டிரம்ஸ் சேர்ந்ததும் குழைந்துபோகிறது. பெடல் சரியில்லை என்று அதைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு இன்னொன்று வாங்குகிறார்கள். பழியைச் சுமப்பது பெடல். குறை பெரும்பாலும் ஆம்பில்.

பெடலின் வேலை சத்தத்தின் குணத்தை மாற்றுவது. அப்படி மாற்றியதைத் தன் பங்குக்கு எதுவும் சேர்க்காமல் பெரிதாக்கிக் கொடுப்பது ஆம்பின் வேலை. வால்யூமைக் கூட்டக் கூட்ட எல்லா ஆம்பும் ஒரு கட்டத்தில் கரகரக்கத் தொடங்கும். அந்தக் கட்டம் வரும்வரை கிடைக்கும் இடத்தைத்தான் வாசிப்பவர்கள் ஹெட்ரூம் என்கிறார்கள். ஹெட்ரூம் குறைந்த ஆம்பில் ஓவர்டிரைவ் பெடலை மிதித்தால், பெடலின் கரகரப்பும் ஆம்பின் கரகரப்பும் ஒன்றன் மேல் ஒன்று ஏறி, சி மேஜர் கார்டில் எந்தச் சுரம் எது என்றே தெரியாது. டிலேயின் எதிரொலிகள் தனித்தனியாக விழாமல் ஒரே கூழாகிவிடும்.

பெடலுக்கு ஏற்ற சுத்தமான ஒலி எப்படியிருக்கும் என்று கேட்டால் உலகெங்கும் இரண்டு ஆம்புகளைச் சொல்வார்கள். ஒன்று 1963இல் வந்த ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப். 85 வாட், இரண்டு 12 இன்ச் ஸ்பீக்கர், டியூப் ஆம்ப். மற்றது 1975இல் வந்த ரோலண்ட் ஜேசி-120. இதில் டியூப் கிடையாது, டிரான்சிஸ்டர்தான். 60 வாட் வீதம் இரண்டு ஆம்ப், இரண்டு 12 இன்ச் ஸ்பீக்கர். அதற்குள் இருந்த கோரஸ் சர்க்யூட்டைத்தான் அடுத்த ஆண்டு பாஸ் நிறுவனம் சிஇ-1 என்ற பெடலாக வெளியிட்டது. இரண்டுமே முப்பது கிலோவை நெருங்கும் பெட்டிகள், விலையும் அப்படித்தான். எல்லோராலும் வாங்க முடியாது. ஆனால் எதைத் தேட வேண்டும் என்பதற்கு இவற்றைவிட நல்ல உதாரணம் இல்லை: தேவைக்கு மேல் மிச்சமிருக்கும் பவர், போதுமான அளவு பெரிய ஸ்பீக்கர்.

பவர் என்றதும் எல்லோரும் வாட் எண்ணைப் பார்க்கிறார்கள். அங்கேதான் ஏமாறுவதும். வாட் இரட்டிப்பானால் சத்தம் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமென்றால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் நடுவே நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணத்துக்குக் கிடைப்பது அந்த 3 டெசிபெல்தான். அதே 3 டெசிபெல்லை ஸ்பீக்கரும் தரும்: 97 டெசிபெல் சென்சிட்டிவிட்டி உள்ள ஸ்பீக்கருக்குப் பதில் 100 டெசிபெல் உள்ளது இருந்தால் போதும். எண்ணிலும் ஒரு சூது உண்டு. ஆர்எம்எஸ் என்று போட்டிருந்தால் அது தொடர்ந்து தரக்கூடிய பவர். பீக் என்றோ பிஎம்பிஓ என்றோ போட்டிருந்தால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். எதுவுமே போடாமல் வெறும் வாட் என்றிருந்தால் கடைக்காரரிடம் கேளுங்கள், சொல்வதை எழுதித் தரச் சொல்லுங்கள்.

டியூப்தான் உயர்ந்தது என்ற பேச்சைப் பெடல்காரர்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. டியூப் ஆம்ப் மெல்ல மெல்லக் கரகரப்புக்குள் நுழையும், அதுதான் அதன் அழகு. அந்தக் கரகரப்பை பெடலே தரப்போகிறது என்றால், டிரான்சிஸ்டர் ஆம்போ நல்ல டிஜிட்டல் ஆம்போ குறைந்த விலையில் அதிக ஹெட்ரூம் தரும். 22 வாட் டியூப் ஆம்பான டீலக்ஸ் ரிவெர்ப் அருமையான பெட்டி. ஆனால் ஓங்கி அடிக்கும் டிரம்மர் பக்கத்தில் அது சுத்தமாகவே நிற்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. என் கணக்கில், டிரம்ஸோடு மைக் இல்லாமல் வாசிக்க டிரான்சிஸ்டர் ஆம்பில் 12 இன்ச் ஸ்பீக்கரும் 50 வாட் ஆர்எம்எஸ்ஸும் குறைந்தபட்சம். ஆம்பின் முன் மைக் வைத்து பிஏவில் விடுவதாக இருந்தால் அதைவிடச் சின்னதும் போதும்.

கடைக்குப் போகும்போது உங்கள் கிட்டாரையும் பெடல்களையும் எடுத்துப் போங்கள். கடையிலிருக்கும் விலை உயர்ந்த கிட்டாரில் எந்த ஆம்பும் நன்றாகத்தான் கேட்கும். முதலில் பெடல் எதுவும் இல்லாமல் நேராகச் சொருகுங்கள். பாஸ், மிட், டிரெபிள் மூன்றையும் நடுவில் வைத்து, கிட்டார் வால்யூமை முழுக்கத் திறந்து, ஆறு தந்தியையும் ஓங்கி அடித்து ஒலி தானாக அடங்கும்வரை கேளுங்கள். ஆம்ப் வால்யூமை ஒவ்வொரு கோடாக ஏற்றி இதையே செய்யுங்கள். தந்தியை அடித்த நொடியில் ஓரம் சிராய்ப்பது போன்ற ஒலி எந்தக் கோட்டில் வருகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அது பாதி வால்யூமிலேயே வந்து, சத்தமும் பேச்சுக்குரலைத் தாண்டவில்லை என்றால் அந்தப் பெட்டி உங்களுக்கு உதவாது. பிறகு ஓவர்டிரைவைப் போட்டுப் பாருங்கள், அடுத்து டிலே. ஃபெண்டர் வகை ஆம்புகளில் நடு அலைவரிசை பள்ளமாக இருக்கும். ட்யூப் ஸ்க்ரீமர் போன்ற பெடல் அந்தப் பள்ளத்தை நிரப்பும், அதனால்தான் அந்த ஜோடி இத்தனை காலம் நிற்கிறது. மிகப் பளிச்சென்ற டிரான்சிஸ்டர் ஆம்பில் ஃபஸ் பெடல் காதைக் குத்தக்கூடும். எஃபெக்ட்ஸ் லூப் இருக்கிறதா என்று சிலர் வாங்கும்போதே தேடுவார்கள். ஆம்பின் சொந்த டிஸ்டார்ஷனைப் பயன்படுத்துபவர்களுக்கு அது அவசியம். எல்லாக் கரகரப்பையும் பெடலிலேயே வைத்துக்கொள்பவர்களுக்கு இல்லாவிட்டாலும் நஷ்டமில்லை.

உயிருக்கு ஆபத்து எர்த்தில்

எலக்ட்ரிக் கிட்டாரின் தந்திகள் பிரிட்ஜ் வழியாக கேபிளின் வெளிச்சுற்றோடும், அது ஆம்பின் உலோக உடலோடும், அது பிளக்கின் எர்த் பின்னோடும் இணைந்திருக்கின்றன. உங்கள் விரல்கள் தொடுவது அந்த எர்த்தைத்தான். ஹம் சத்தம் வருகிறது என்பதற்காக மூன்றாவது பின்னை ஒடித்துவிட்டாலோ, டூ பின் கன்வெர்ட்டர் போட்டாலோ, உள்ளே ஏதாவது பழுதாகும் நாளில் அந்தத் தந்திகளில் 230 வோல்ட் வந்து நிற்கலாம். கை தந்தியில் இருக்க, உதடு மைக்கில் பட்டால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும். ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி 1972இல் ஸ்வான்சி மேடையில், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு இறந்தார். யார்ட்பேர்ட்ஸ் பாடகர் கீத் ரெல்ஃப் 1976இல் தன் வீட்டிலேயே, சரியாக எர்த் செய்யப்படாத கிட்டாரில் மின்சாரம் பாய்ந்து இறந்தார்.

நம் ஊர்த் திருவிழா மேடைகளில் ஜெனரேட்டர் ஒரு பக்கம், மிக்சருக்கு வேறு லைன், ஆம்புக்கு எங்கிருந்தோ இழுத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்று கிடக்கும். ஆம்பும் மிக்சரும் ஒரே போர்டிலிருந்து, ஒரே எர்த்திலிருந்து மின்சாரம் எடுக்க வேண்டும் என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, யாரும் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். வாசிக்கும் முன் மல்டிமீட்டரை ஏசி வோல்டேஜில் வைத்து, ஒரு முனையைத் தந்தியிலும் மறுமுனையை மைக்கின் உலோக வலையிலும் வைத்துப் பார்க்கலாம். சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியன் வந்து சரிசெய்யும்வரை கிட்டாரைத் தொடாதீர்கள். கையாலோ உதட்டாலோ தொட்டுப் பார்த்துச் சோதிக்கவே கூடாது. மின்கசிவு வந்ததும் லைனைத் துண்டிக்கும் 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி போர்டில் இருப்பது பெரும் பாதுகாப்பு. ஹம் சத்தம் போக எர்த்தை வெட்ட வேண்டியதில்லை: எல்லாவற்றையும் ஒரே போர்டில் சொருகுங்கள், மிக்சருக்குப் போகும் லைனில் கிரவுண்ட் லிஃப்ட் பட்டன் உள்ள டிஐ பாக்ஸ் வையுங்கள். அந்த பட்டன் சிக்னல் கேபிளின் கிரவுண்டை மட்டும் பிரிக்கும், மின் எர்த்தைத் தொடாது.

அமெரிக்காவிலிருந்து அண்ணனோ அத்தானோ கொண்டுவரும் ஆம்பும் இந்த வரிசைதான். அது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. ஜப்பான் என்றால் 100 வோல்ட். பின்பக்கம் 230 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா, வோல்டேஜ் மாற்றும் வசதி இருக்கிறதா என்று பார்க்காமல் நம் சாக்கெட்டில் சொருகினால் அன்றோடு முடிந்தது. எர்த் தொடர்ச்சியுள்ள ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அதன் திறன் ஆம்பின் தேவையைவிட நன்றாகவே கூடியிருக்க வேண்டும். டியூப் ஆம்பை ஸ்பீக்கர் இணைக்காமல் ஆன் செய்யக் கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். மூடியைத் திறக்கவும் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டர்களில் நானூறு வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

பெடல்களுக்கு 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ் என்பது பெரும்பாலான நிறுவனங்களின் வழக்கம். எல்லாமே அப்படியல்ல என்பதால் ஒவ்வொன்றின் மேலும் இருக்கும் படத்தைப் பாருங்கள். அடாப்டரில் பிஐஎஸ் முத்திரையும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். ஆம்பில் இரைச்சல் என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் முன், பேட்டரி போட முடிகிற பெடலை மட்டும் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் குற்றவாளி மலிவு அடாப்டர்.

காதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹெட்ரூம் அதிகமான ஆம்ப் என்றால் சத்தமும் அதிகம். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் 85 டெசிபெல்லை எட்டு மணி நேரத்துக்கும், 100 டெசிபெல்லை வெறும் 15 நிமிடத்துக்கும்தான் அனுமதிக்கிறது. ஆம்பைத் தரையில் வைத்து முழங்காலுக்குக் காட்டினால் உங்களுக்குக் கேட்காது, முன்வரிசைக்காரர் காது போகும். சாய்த்துவைத்து உங்கள் முகத்துக்குக் காட்டுங்கள், வால்யூம் தானாகக் குறையும். வீட்டில் என்றால், குடியிருப்புப் பகுதிக்கு ஒலி மாசு விதிகள் வைத்திருக்கும் அளவு பகலில் 55 டெசிபெல், இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை 45. அதற்காகவே ஹெட்ஃபோன் வசதியோ, பாஸ் கட்டானா 50இல் இருப்பதுபோல அரை வாட்டுக்கு இறக்கும் வசதியோ உள்ள ஆம்ப் அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குப் பொருத்தம்.

சட்டம் எதற்குத் துணை வரும், எதற்கு வராது

டோன் பிடிக்கவில்லை என்பதைச் சட்டம் குறையாக ஏற்காது. சொன்ன பவர் இல்லை, சொன்ன வசதி இல்லை, பழுதோடு வந்தது என்றால் ஏற்கும். அதனால்தான் கடையிலேயே சோதிப்பதும், சொன்னதை எழுதி வாங்குவதும் இத்தனை முக்கியம். மாடல் பெயர், சீரியல் எண், வாட் ஆர்எம்எஸ், 230 வோல்ட், வாரண்டிக் காலம் இவை பில்லிலேயே இருக்கட்டும். பில் இல்லாமல் வாங்கினால் விலை குறையும் என்பார்கள். பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பழுதான பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அதே வகைதான். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற ரப்பர் ஸ்டாம்பைக் கண்டு பழுதான பொருளோடு வீடு திரும்பாதீர்கள்.

இறக்குமதிப் பெட்டி என்றால் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எம்ஆர்பி, தயாரித்த நாடு எல்லாம் பெட்டியின் மேல் இருக்க வேண்டும். அந்த ஸ்டிக்கர் இல்லையென்றால் பெரும்பாலும் இந்தியாவில் வாரண்டி கிடைக்காத சரக்கு. ஆன்லைனில் வாங்கினாலும் விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளை விற்பவர் திரும்பப் பெற மறுக்க முடியாது என்று 2020 மின் வணிக விதிகள் சொல்கின்றன. பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுத்துவையுங்கள். தனி ஆளிடம் செகண்ட் ஹேண்டாக வாங்கும்போது இந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது. அங்கே உங்கள் காதும் மல்டிமீட்டரும்தான் துணை.

சிக்கல் வந்தால் முதலில் கடைக்கும் நிறுவனத்துக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் பதியலாம். ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட்டாக வேண்டும். பழுதைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பிப் பார்க்கும் அதிகாரமும் ஆணையத்துக்கு உண்டு.

கச்சேரி வாசித்துச் சம்பாதிப்பவர்கள் புகாரில் ஒரு வரி சேர்க்க வேண்டும். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று எதிர்த்தரப்பு வாதிடும். ஆனால் சொந்த உழைப்பில், தன் பிழைப்புக்காக மட்டுமே ஒரு பொருளைப் பயன்படுத்துபவரையும் சட்டம் நுகர்வோராகவே கருதுகிறது. இந்த ஆம்பை நானே வாசித்துப் பிழைப்பு நடத்த வாங்கினேன் என்பதைப் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.